இணைப்பு முடிந்தது

எங்கள் குடியிருப்பில் பட்டப்பகலில் டார்ச் அடிக்கிறவர் ஒரே ஒருவர்தான். கழிவுநீர்த் தொட்டியின் இரும்பு மூடியைத் தூக்கி, உள்ளே வெளிச்சம் காட்டிப் பார்ப்பார். பார்த்துவிட்டு, தூங்குகிற குழந்தையின் அறைக்கதவைச் சாத்துகிற மாதிரி மூடியை மெதுவாக வைப்பார். அதனால் அவருக்கு டார்ச் என்றே பெயர் நிலைத்துவிட்டது. சின்னவர்களுக்கு டார்ச் அண்ணா, பெரியவர்களுக்கு வெறும் டார்ச்.

இப்போது அவரைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள். நான் எழுதப்போவதில் அவரைப் பற்றி எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு என்னைப் பற்றியும் இருக்கும். அது பெருமைப்படும்படியான பகுதி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விளம்பரத்தில் நூற்று நாற்பத்தெட்டு வீடுகள் இருந்தன. எழும்பியது முப்பத்தொன்று. வீட்டு விலை தலைகுப்புற விழுந்த வருடம் கம்பெனி வாசலில் பூட்டுத் தொங்கியது. மீதி நூற்றுப் பதினேழும் தூண்களாகவும் அஸ்திவாரப் பள்ளங்களாகவும் நின்றுபோயின. நீச்சல் குளத்துக்குத் தோண்டிய குழியில் தவளைகள் நீந்துகின்றன. மாதிரி வீடு மட்டும் ஒரு குறையும் இல்லாமல் முடிந்திருந்தது. சோபா, திரைச்சீலை, அட்டையில் செய்த டிவி, மேசைமேல் பிளாஸ்டிக் ஆப்பிள். குழாயைத் திறந்தால் தண்ணீர்தான் வராது. எங்கள் சங்கக் கூட்டமெல்லாம் அங்கேதான். நான் சங்கத்தின் செயலாளர்.

முப்பத்தொரு வீட்டுக் கழிவும் தெருக்கோடியில் உள்ள பெரிய தொட்டிக்கு வரும். அங்கிருந்து ஒரு குழாய் மெயின் ரோட்டுக்கு அடியில் போய், நகராட்சியின் பெரிய குழாயில் சேர வேண்டும். கம்பெனி இருந்தவரை வாரம் ஒரு லாரி வந்து தொட்டியை உறிஞ்சிக்கொண்டு போனது. "சுத்தம் பண்றோம்" என்றார்கள். கவனிப்பு என்றால் இதல்லவா கவனிப்பு என்று நாங்களும் மெச்சிக்கொண்டோம். கம்பெனி போனதும் லாரியும் நின்றது. பத்தே நாளில் தொட்டி நிரம்பி, பள்ளத்து வீடுகளின் குளியலறை வழியாக மேலே வந்தது.

நகராட்சிக்கு ஓடினோம். அங்கே இருந்தவர் ஒரு பேரேட்டைப் புரட்டி, "எங்க ரெக்கார்டுல இணைப்பு முடிந்ததுன்னு இருக்கு. அடைப்புன்னா அது உங்க பக்கத்து அடைப்பு. நீங்கதான் பார்த்துக்கணும்" என்று சொல்லிவிட்டு, கழிவறையில் எதையெல்லாம் போடுகிறீர்கள் என்று எங்களிடமே விசாரித்தார். ரோட்டைத் தோண்டிப் பார்க்கிறோம் என்றால் அதற்கும் அனுமதி கிடையாது. முடிந்த வேலையை எதற்குத் தோண்ட வேண்டும்?

அந்தச் சமயத்தில்தான் டார்ச் வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தோளில் நீளக் கம்பிச் சுருளோடு, ஒல்லியாக, சட்டைப் பையில் டார்ச்சோடு. "பக்கத்துல இருக்கேன். பிளம்பிங் வேலை தெரியும். நாத்தம் அடிச்சுது, என்னன்னு பார்க்கலாம்னு வந்தேன்" என்றார். எங்கள் எல்லோர் முன்னிலையிலும் தொட்டியிலிருந்து வெளியே போகும் குழாயில் கம்பியை விட்டார். நாற்பது அடி போனதும் கம்பி முட்டி நின்றது. மறுபடி குத்தினார், மறுபடி முட்டியது. "அடைப்புதாங்க" என்றார், தலையை நிமிர்த்தாமல். வேலையில் எவ்வளவு கவனம் என்று நான் நினைத்தேன்.

அன்றிலிருந்து ஆறு வருடம். எங்கோ பழைய பம்பு ஒன்றைப் பிடித்து வந்து பொருத்தினார். தொட்டித் தண்ணீரை அது உறிஞ்சி, பின்பக்கத்து அஸ்திவாரப் பள்ளங்களில் கொட்டும். ஒருவனையும் குழிக்குள் இறங்க விடமாட்டார். "கம்பி போகாத இடத்துக்கு மனுசன் போகக் கூடாது" என்பார். ஹார்டுவேர் கடையில் அவருக்கு வேலை. புதன்கிழமை அரை நாள் விடுமுறை, ஞாயிறு முழு நாள். இரண்டையும் எங்களுக்கே கொடுத்தார். சலவைக்கடையில் துணி தேய்க்கிற மனைவி, படிக்கிற இரண்டு பெண்கள். ஒருமுறை அந்த அம்மா எனக்குப் போன் செய்து, "ஞாயித்துக்கிழமை அவருக்கு வீடுன்னு ஒண்ணு இருக்கறதே மறந்துடுதுங்க. நீங்களாவது கொஞ்சம் சீக்கிரம் அனுப்புங்க" என்றார். நான் சிரித்து மழுப்பினேன். எங்களுக்குத் தலைக்கு மேல் சாக்கடை. அவரைச் சீக்கிரம் அனுப்புகிற நிலையிலா இருந்தோம்? கூலி கொடுத்தால் வாங்கமாட்டார். தண்ணீர் மட்டும் குடிப்பார், அதுவும் பள்ளத்தில் இருக்கிற ஒன்பதாம் நம்பர் வீட்டில்தான்.

ஒன்பதாம் நம்பர் தையல்காரியின் வீடு. கணவன் வெளியூர் லாரியில் போகிறவன். மாமனாரும் அவளும்தான் வீட்டில். பள்ளிச் சீருடை, திரைச்சீலை, கிழிந்த ஜிப் என்று ஓயாமல் மெஷின் ஓடும். யாராக இருந்தாலும் அவளுக்கு அக்கா, அண்ணா, தம்பி. பிடிக்காத வாடிக்கையாளரை மட்டும் மேடம் என்பாள். "மேடம்னு சொல்லிட்டேன்னா அந்தத் துணியை மனசுக்குள்ள எப்பவோ மூட்டை கட்டிட்டேன்னு அர்த்தம், அக்கா" என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். எங்கள் தெருவில் முதலில் நிரம்புவது அவள் குளியலறை. கழிவறைக் கோப்பைமேல் பலகை, பலகைமேல் இரண்டு செங்கல், அதன்மேல் ஒரு மணல் மூட்டை. விருந்தாளி வந்தால் முதலில் மூட்டையை இறக்க வேண்டும்.

என் வீடு மேட்டில் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பம்பு அறைச் சாவி என்னிடம் இருந்தது. சாவி வாங்குகிறவர்கள் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்று நான்தான் விதி போட்டேன். முப்பது வருடம் பள்ளி அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவள்; நோட்டு இல்லாமல் எனக்கு மூச்சு ஓடாது. எத்தனை மார்க் அட்டைகளில் அப்பாவின் கையெழுத்தைப் பிள்ளையே போட்டுக்கொண்டு வந்திருக்கும்! ஒரு பார்வையில் பிடித்துவிடுவேன். டார்ச்சின் கையெழுத்து என்னால் மறக்க முடியாத ரகம். பெரிய வளையத்தில் தொடங்கி, வால் நீண்டு, அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. சாவி வாங்குவதற்கு இவ்வளவு அலங்காரமா என்று கேலி செய்திருக்கிறேன். "கையெழுத்துப் போடற உத்தியோகம் ஒரு காலத்துல எனக்கும் இருந்துச்சு, செகரட்டரிம்மா" என்றார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஒரு ஜூலை மாதம், எங்கள் குழாயைப் பற்றிய ஆவணங்களின் நகல் வேண்டும் என்று நகராட்சிக்கு விண்ணப்பம் போட்டேன். உறை வந்தது. உள்ளே சோதனைத் தாள் ஒன்று. இரண்டு கட்டங்கள்: "கசிவு இல்லை", "இணைப்பு முடிந்தது". இரண்டிலும் டிக். கீழே, சைட் சூப்பர்வைசர் என்ற இடத்தில், பெரிய வளையம், நீண்ட வால், கோடு, இரண்டு புள்ளி.

சமையலறையில் நின்றபடியே சாவி நோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சந்தேகத்துக்கே இடமில்லை. அடைப்பு என்று ஒன்று இல்லவே இல்லையோ என்று அப்போதுதான் முதன்முதலாகத் தோன்றியது.

அப்புறம் நான் செய்ததைச் சொல்கிறேன். அந்தத் தாளை மடித்து, அலமாரித் தட்டில் விரித்த காகிதத்துக்கு அடியில் வைத்தேன். சாவி நோட்டையும் அதனோடு சேர்த்து வைத்தேன். மறுநாள் கடையில் புது நோட்டு வாங்கிப் பம்பு அறைச் சாவியோடு கட்டினேன். என் வீட்டுக்காரரிடம்கூட மூச்சு விடவில்லை. இதைச் சொன்னால் டார்ச்சை அடித்துத் துரத்துவார்கள், துரத்தினால் புதன்கிழமை பம்பை யார் போடுவது என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. மேட்டு வீட்டில் உட்கார்ந்து கேட்டால் எந்தக் கேள்வியும் நியாயமாகத்தான் இருக்கும்.

ஒரு மழைக்காலம் போனது. அடுத்த மழைக்காலம் வந்தது. நவம்பரில் நாலு நாள் விடாமல் பெய்ததில் பின்பக்கத்துப் பள்ளங்கள் ததும்பின. பம்பு வெளியே கொட்டியது அத்தனையும் தொட்டிக்கே திரும்பி வந்தது. ஒன்பதாம் நம்பரில் மணல் மூட்டையைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் எழும்பியது. காலையில் குளியலறைக்குப் போன தையல்காரியின் மாமனார் அதில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அதுவரை சீருடைகளைத் தெருத்தெருவாக நடந்து கொடுத்துவிட்டு வந்த மனிதர், கட்டிலோடு கிடக்கிறார். ஆஸ்பத்திரியில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஒருத்தராவது எங்களுக்காக அலையறீங்களே அக்கா" என்றாள். பிடித்த கையை உதறவும் முடியவில்லை, அந்தச் சொல்லை ஏற்கவும் முடியவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

இதற்குப் பிறகுதான் நகராட்சிக்குப் புதிதாக வந்த பெண் இஞ்சினியர், தானே தேடிக்கொண்டு எங்கள் கூட்டத்துக்கு வந்தார். மாதிரி வீட்டுச் சோபாவில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார். "ரெக்கார்டு தப்புன்னு எனக்கே சந்தேகம் இருக்கு. ஆனா சந்தேகத்தை வச்சு ரோட்டைத் தோண்ட முடியாது. அந்த நேரத்துல இங்க வேலை பார்த்தவங்க யாராவது ஒருத்தர், இணைப்பு கொடுக்கலைன்னு எழுதிக் கொடுத்தா போதும். அடுத்த வாரமே நாங்களே தோண்டி இணைச்சுடுவோம். விதி அப்படித்தான்."

"அந்தப் பயலுங்களை எங்கேன்னு போய்த் தேடறது?" என்றார் எங்கள் தெருவில் குடியிருக்கும் வேன் டிரைவர்.

"நாசமாப் போனவன் எங்கே இருக்கானோ" என்றாள் தையல்காரி.

நான் நிகழ்ச்சிக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். பேனா மட்டும்தான் ஓடியது. அலமாரித் தட்டு என் கண்முன் நின்றது.

வாசல் பக்கம் நின்றிருந்த டார்ச் உள்ளே வந்தார். "தேட வேண்டாம்" என்றார். "அந்தக் கையெழுத்து என்னுதுதான்."

ஒருவருக்கும் புரியவில்லை. அவர் டார்ச்சை மேசைமேல், பிளாஸ்டிக் ஆப்பிளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசினார்.

"பதினாறு வயசுல மண் சுமக்க வந்தவன் நான். இருபத்திரண்டு வருஷம் கழிச்சு சூப்பர்வைசர்னு வெள்ளைத் தொப்பி கொடுத்தாங்க. என் கையெழுத்துக்கு அன்னிக்குத்தான் மதிப்பு வந்துச்சு. எங்க வேலையில ஒரு பழக்கம். சனிக்கிழமை உட்கார்ந்து, வரப்போற வாரத்து வேலைக்கும் சேர்த்து டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டுடுவோம். எல்லாரும் போடுவாங்க. திங்கக்கிழமை எப்படியும் செய்யப்போறோம்தானே? அன்னிக்கு ரோட்டுக்கு அடியில போடற பைப் வந்து சேரலை. நாற்பது அடியோட குழாய் நின்னுடுச்சு. மண்ணு உள்ள போகாம இருக்க சிமெண்ட் சாக்கைச் சுருட்டி அடைச்சு, மேல பூசினோம். அப்புறம் தண்ணி ரொப்பி டெஸ்ட். அரை மணி நேரம் ஒரு சொட்டு இறங்கலை. எங்க கம்பெனி இஞ்சினியர் கைகொடுத்துப் பாராட்டினார். எப்படிங்க இறங்கும்? போக வழியே இல்லையே."

யாரோ ஒரு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள்.

"பைப் வரவே இல்லை. லாரி வச்சுச் சமாளின்னு மேல இருந்து சொன்னாங்க. நீங்க குடிவர்றதுக்கு முன்னாடியே என்னை வேற சைட்டுக்கு மாத்திட்டாங்க. கம்பெனி மூடினப்புறம் ஒருநாள் இந்த வழியா பஸ்ல போனேன். நாத்தம் பஸ்சுக்குள்ளேயே வந்துச்சு. பக்கத்துல இருந்தவர் மூக்கைப் பொத்திக்கிட்டு, எவன் கட்டினானோன்னு திட்டினார். அடுத்த ஸ்டாப்புல இறங்கிட்டேன். முதல் நாளே சொல்லியிருக்கணும். சொன்னா உள்ள விடமாட்டீங்க, விடலைன்னா பம்பை யார் போடுவாங்கன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்."

என்னுடைய சமாதானம். வார்த்தைகூட மாறாமல் அதை அவர் வாயிலிருந்து கேட்டேன்.

வேன் டிரைவர் அவர் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். இஞ்சினியர் நடுவில் புகுந்து விலக்கி, "எழுதிக் கொடுத்தீங்கன்னா உங்க மேல கேஸ் வரலாம். தெரியுமில்ல?" என்றார். "வரட்டும் மேடம்" என்றார் டார்ச்.

தையல்காரி கத்தவில்லை. "ஆறு வருஷம் எங்க வீட்டுத் தண்ணியைத்தானே வாங்கிக் குடிச்சீங்க" என்று மட்டும் கேட்டாள். அவள் என் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "எங்க அக்காவுக்கு இது தெரிஞ்சிருந்தா, இந்த ஆளை வாசப்படி மிதிக்க விட்டிருப்பாங்களா?"

முப்பது முகங்கள் என்னைப் பார்த்தன. டார்ச்சும் பார்த்தார். நான் இல்லை என்று தலையசைத்தேன். அசைத்துவிட்டுக் குறிப்பு எழுதக் குனிந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த எத்தனையோ அற்பமான காரியங்களில் அந்தத் தலையசைப்புக்கு முதலிடம் கொடுப்பேன்.

கூட்டம் கலைந்ததும் அவர் என் வீட்டு வாசலுக்கு வந்தார். சட்டையில் மேல் பொத்தான் அறுந்திருந்தது. சாவியைப் புது நோட்டோடு நீட்டினார்.

"இனி யாராவது புதன்கிழமையும் ஞாயித்துக்கிழமையும் பம்பு போடணும். ஸ்விட்சைப் போட்டதும் கொஞ்சம் உறுமும், பயப்பட வேண்டாம்" என்றார். பிறகு தயங்கி, "பழைய நோட்டுல பாதிக்கு மேல வெள்ளைத்தாள் இருந்துச்சு, செகரட்டரிம்மா. நீங்க ஒரு தாளை வீணாக்க மாட்டீங்க. புது நோட்டைப் பார்த்த அன்னிக்கே எனக்குப் புரிஞ்சிடுச்சு" என்றார்.

"அப்பவே ஏன் கேட்கலை?" என்றேன். என்ன கேள்வி! அவரைக் கேட்க வேண்டியவள் நான்.

"பயமா இருந்துச்சு. நாலு ஞாயிறு, இன்னிக்குக் கேட்பீங்க, இன்னிக்குக் கேட்பீங்கன்னு வந்தேன். நீங்க கேட்கலை. படிச்சவங்க, விவரம் தெரிஞ்சவங்க, அவங்களே விட்டுட்டாங்கன்னா இது அவ்வளவு பெரிய தப்பு இல்லை போலிருக்குன்னு நெனச்சுட்டேன். அது ஒரு தைரியமாப் போச்சு." குரலில் கோபமே இல்லை. "பெரியவர் விழுந்தப்புறம்தான் அந்தத் தைரியம் போச்சு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்க நிம்மதியா இருங்க."

நிம்மதியா! ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன். அவர் போனபின் புது நோட்டைத் திறந்தேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை, அலங்காரம் எதுவும் இல்லாமல் பள்ளிப் பிள்ளை எழுதுகிற மாதிரி எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதியிருந்தார். வளையம் இல்லை, வால் இல்லை, புள்ளி இல்லை. கையெழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்கிறவள் நான். வாரம் இரண்டு முறை அந்த நோட்டு என் கைக்கு வந்திருக்கிறது. ஒருமுறைகூட அதைப் பிரித்துப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் ரோட்டைத் தோண்டினார்கள். நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம். சரியாக நாற்பது அடியில் குழாய் முடிந்தது. பூச்சைத் தட்டி எடுத்ததும், கம்பெனியின் பெயரோடு சுருட்டிய சாக்கு வெளியே வந்தது. அச்சுக்கூட அழியவில்லை. மூன்று நாளில் புதுக் குழாய் இணைந்தது. தொட்டியில் தண்ணீர் கண்ணெதிரே இறங்கியது. வேன் டிரைவர் விசிலடித்தார். டார்ச் அங்கே இல்லை. விசாரணை நடப்பதால் ஹார்டுவேர் கடையில் வேலையை விட்டு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்களாம். மனைவியின் சலவைக்கடையில் வீடு வீடாகத் துணி கொண்டுபோய்க் கொடுக்கிறாராம். எங்கள் தெருவுக்கு மட்டும் வருவதில்லை.

தையல்காரி மணல் மூட்டையை வாசலில் அவிழ்த்துக் கொட்டினாள். கழிவறைக் கோப்பையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். "எல்லாம் உங்களாலதான் அக்கா. நீங்க விடாம விண்ணப்பம் போடலைன்னா அந்த இஞ்சினியர் அம்மா வந்திருப்பாங்களா? சங்கத்துல உங்களுக்கு ஒரு பாராட்டு வைக்கணும்னு பேசிட்டிருக்கோம்" என்றாள்.

பாராட்டு என்ற சொல்தான் என்னை எழுப்பியது. மறுநாள் காலையில் அலமாரிக் காகிதத்தைத் தூக்கினேன். தாளையும் பழைய நோட்டையும் எடுத்துக்கொண்டு ஒன்பதாம் நம்பருக்குப் போனேன்.

அவள் மெஷினில் இருந்தாள். உதடுகளுக்கிடையில் நாலைந்து குண்டூசி. பக்கத்து அறையில் மாமனார் கட்டிலில் சாய்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். நான் தைக்கக் கொடுத்திருந்த நாலு தலையணை உறைகளில் ஒன்று அவள் கையில். ஊசி வாயோடு, உட்காருங்கள் என்று கண்ணால் சொன்னாள். நான் உட்காரவில்லை. தாளையும் நோட்டையும் மெஷின் பலகையில் விரித்துவைத்து, எனக்குத் தெரியும், அவர் சொல்வதற்கு ரொம்ப நாள் முன்பே தெரியும், ஒளித்துவைத்தேன், கூட்டத்தில் தலையசைத்ததும் பொய் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். பம்பைப் பற்றிய நியாயத்தைச் சொல்லவில்லை. அதையாவது சொல்லாமல் இருந்தேன்.

அவள் குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துப் பஞ்சு உருண்டையில் குத்தினாள்.

"இந்தத் தாள் எந்த மாசம் வந்துச்சு?"

"ஜூலை. போன வருஷம் இல்லை, அதுக்கு முந்தின வருஷம்."

விரல் மடக்கி எண்ணினாள். ஜூலையிலிருந்து மாமனார் விழுந்த நவம்பர்வரை. பதினாறு மாதம். எண்ணி முடித்ததும் பக்கத்து அறைக் கதவை ஒருமுறை பார்த்தாள். எழுந்து போய் அதைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். தாளை மடித்து, நோட்டுக்குள் வைத்து, என் பக்கம் நகர்த்தினாள். தலையணை உறையை மறுபடி ஊசிக்கு அடியில் சரியாக வைத்தாள்.

ஒன்பது வருடமாக அவளுக்கு நான் அக்கா. அழுவாள் என்று நினைத்தேன். தாளை என் முகத்தில் வீசுவாள் என்றும் நினைத்தேன்.

"தலையணை உறை வியாழக்கிழமை ரெடியாயிடும்" என்றாள், ஊசியைப் பார்த்தபடி. "வந்து வாங்கிக்கோங்க, மேடம்."